மாதவி இல்லாத படங்கள்

அன்பு மகன் குருவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கிள்ளானில் நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் கோபம் தணிந்து எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. போனில் சொன்னால் 'மீட்டிங் இருக்குப்பா' என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பெர்த்தில் குளிர் ஆரம்பித்திருக்கும், தலைக்குக் குல்லா போட்டுக்கொள்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை அந்தப் பெரிய அறிவியல் மியூசியத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாய் அல்லவா, போனோம். மருமகள் லெட்சுமிக்கு ஷா ஆலம் தொழிற்சாலையில் ஷிப்ட், அதனால் உன் பிள்ளைகள் மூன்று பேரும் நானும்தான். கொமுட்டர் ரயிலில் மூத்தவள் மாதவி இடுப்பில் ஏறிய சின்னவன் ஜீவன் அப்புறம் இறங்கவே இல்லை, நாலு வயதுக்கு என்ன கனம் கனக்கிறான். உள்ளே போனதும் டைனோசர் எலும்பைப் பார்த்து ஒரே அழுகை, பிறகு மூத்திரம், பிறகு பசி. குகன் ஒன்பது வயதுக் குரங்கு, எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் அமுக்கிவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்காமலே அடுத்ததுக்கு ஓடுகிறான். அக்கா அக்கா என்று இரண்டு பேரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை அவ்வளவு பெரிய கட்டடத்தில் கழிவறை எங்கே, தண்ணீர் எங்கே என்பதை மட்டும்தான் தெரிந்துகொண்டாள்.

அவள் வந்ததே கூரை முழுக்க நட்சத்திரம் காட்டுகிற அறைக்காக. ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. வாசலில் நின்ற பெண், அஞ்சு வயசுக்குக் கீழே விட மாட்டோம் அங்கிள், இந்தப் பையனுக்கும் பெரியவங்க துணை வேணும் என்றாள். என் கெட்ட நேரம், உன்னைக் கேட்கலாம் என்று வீடியோ கால் போட்டேன். "அக்கா வெளிய ஜீவனைப் பாத்துக்குவாப்பா, நீங்க குகனைக் கூட்டிட்டுப் போங்க, அவன்தானே சயன்ஸ் படிக்கப் போறான்" என்றாய். அவள் காதில் விழும்படி சொன்னாய். அவள் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள். நானும் புத்தி கெட்டுப்போய் உள்ளே போனேன். விளக்கு அணைந்ததும் உன் விஞ்ஞானி தூங்கிவிட்டான் குரு, குறட்டை வேறு. வெளியே வந்தால் மாதவி, "தாத்தா, சனி கிரகத்தோட வளையத்தைக் காட்டினாங்களா, எப்படி இருந்துச்சு" என்று கேட்கிறாள். காலம் முழுக்க லோரி ஓட்டியவன் நான், எனக்கு என்ன சொல்லத் தெரியும்? தட்டு மாதிரி இருந்தது என்றேன். சரி தாத்தா என்று சொல்லிவிட்டு ஜீவன் மூக்கைத் துடைத்தாள்.

அன்றைக்கே படங்களை வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பினாள். நீ என்ன எழுதினாய்? 'சூப்பர் லா, பசங்க நல்லா என்ஜாய் பண்ணிருக்காங்க.' அத்தனை படத்தில் ஒன்றிலாவது உன் மகள் இருக்கிறாளா என்று பார்த்தாயா? எல்லாவற்றையும் எடுத்தவள் அவள். பெற்ற பிள்ளையைப் படத்தில் காணோம் என்று தகப்பனுக்குத் தெரியவில்லை என்றால் அது என்ன கண்? அடுத்த வருசம் ஃபார்ம் ஃபோர் வகுப்புக்கு அவள் சயன்ஸ் கேட்டபோதும், எக்கவுண்ட்ஸ் போதும், வீட்டையும் பார்த்துக்கலாம் என்றாய். நீ பெர்த்துக்குப் போய்விட்டாய், லெட்சுமி வேலைக்குப் போகிறாள், வீட்டைப் பார்க்க அந்தப் பிள்ளைதான் கிடைத்தாளா? சயன்ஸ்தான் எடுக்கப் போகிறாள், லெட்சுமியும் நானும் பேசி முடிவு பண்ணிவிட்டோம்.

வரும் சனிக்கிழமை லெட்சுமிக்கு லீவு, பையன்கள் அவளோடு இருப்பார்கள். மாதவியும் நானும் மட்டும் மறுபடியும் போகிறோம். இந்தத் தடவை அந்த அறைக்குள் அவள் போவாள். திரும்பும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, யாருக்கும் ஊட்டாமல் அவள் சூடாகச் சாப்பிடட்டும்.

நீ நல்லாயிரு, வேலையில் பத்திரம், நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமை போன் போடாதே. ஞாயிற்றுக்கிழமை போடு, தம்பி எங்கே என்று ஆரம்பிக்காமல், என்ன பார்த்தாய் என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை வைக்காதே. தம்பிகளுக்குத்தான் அவள் அக்கா. உனக்கு மகள், பெயர் மாதவி, நீதான் வைத்தாய்.

ஆசியோடும் அடங்காத கோபத்தோடும்,
உன் அப்பா நாகையா