பின்னாடி என்ன சத்தம்?

வியாழன்

விடியலில் இருந்தே மழை. மைக்கில் சத்தம் விழக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு லைவ். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ராக்கெட் கிளம்பிவிட்டது. உள்ளே நாலு பேர். மூன்று ஆண், ஒரு பெண். நிலவில் இறங்கப் போவதில்லை, சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். இதை விடாமல் தமிழில் சொல்ல இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்று நினைப்பு. நெருப்பு மேலே ஏறியபோது ஏதோ கத்தினேன். போட்டுப் பார்த்தால் கெட்ட வார்த்தை. வெட்ட வேண்டும்.

நடுவில் மாமா தலையை நீட்டினார். அக்கா வீட்டுக்காரர். இந்த குவீன்ஸ்டவுன் வீடு அவருடையது. என் அறை, மைக், நல்ல கேமரா எல்லாம் அவர் கொடுத்ததுதான். கல்யாணமாகாதவன் அரசு வீடு வாங்க முப்பத்தைந்து வயதாக வேண்டும். எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. "எல்லாரும் பசியாறியாச்சா? மேல போறவங்களுக்கு நாசி லெமாக் கட்டிக் குடுத்தாச்சு லா" என்றார் கேமராவைப் பார்த்து. கமெண்ட் முழுக்கச் சிரிப்பு. என்னைவிட அவருக்குத்தான் ரசிகர்கள் அதிகம்.

'எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்தது' என்று ஒருத்தன் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தான். நேரில் வந்தால் பல்லைக் கழற்றிக் கையில் கொடுப்பேன் என்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அனுப்பியிருக்க வேண்டும்.

அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தாள். "வயர் மேலயே வைக்கிறா பாரு, சனியன்" என்றார் மாமா சிரித்துக்கொண்டே. நானும் சிரித்தேன்.

சனி

சாங்கி விமான நிலையம், மதிய ஷிப்ட். கார்கோவில் ஃபோர்க்லிஃப்ட்காரன் பெட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டு என் மேல் பழி போட்டான். வாய்ச்சண்டை. நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். சூப்பர்வைசர் வந்து பிரித்தார். "இன்னொரு தடவை கை நீட்டினா வீட்டுக்குப் போ" என்றார். அவரையும் ஒரு நாள்.

நாலு பேரும் பாதி வழிக்கு மேல் போய்விட்டார்கள். ஜன்னலில் தெரியும் பூமியின் படம் வந்தது. அழகு. வேறு சொல் தெரியவில்லை.

அக்காவிடம் காட்டினேன். அவளுக்குப் பூமி பெரிதாகப் படவில்லை. "அந்தப் பொண்ணு மூணு ஆம்பளைங்களோட அந்தச் சின்ன டப்பாக்குள்ளயா பத்து நாள்?" என்று கேட்டாள். "யாருக்காச்சும் கோபம் வந்தா எங்க போவா?"

லைவில் இதைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல கிளிப்.

ஞாயிறு

வாங்க வேண்டியது: எக்ஸ்டென்ஷன் வயர், தொண்டை மிட்டாய், அக்காவுக்கு மல்லிகை (அவளே சொன்னது), மெமரி கார்டு.

மாமாவோடு தேக்கா சந்தை. ஞாயிற்றுக் கூட்டம், தோளோடு தோள் இடிக்கிறது. காப்பிக் கடையில் ஒருத்தன் என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். "நிலா தம்பி தானே நீ? எவ்ளோ குடுத்தாங்க பொய் சொல்ல?" என்றான். ஸ்டூடியோ என்று எழுதியவன் இவன்தானோ என்னவோ. முதலில் சிரித்துத்தான் பதில் சொன்னேன். விடவில்லை. என் அம்மாவை இழுத்தான்.

அவ்வளவுதான். சட்டையைப் பிடித்துத் தூக்கினேன், பொத்தான் தெறித்தது. அவன் நாற்காலியை எடுத்தான். பிளாஸ்டிக் நாற்காலிதான், ஆனால் கால் என் காதைக் கிழித்தது. நான் அவன் தலையை மேசையில் ஒரு தடவை மோதினேன். தே தாரிக் கிளாஸ் எல்லாம் கொட்டி, யாரோ வீல் என்று கத்தி, ஒரே களேபரம்.

மாமாதான் என்னை இடுப்பில் கட்டிப் பிடித்து இழுத்தார். அவனிடம் மன்னிப்புக் கேட்டார், உடைந்ததற்குக் காசு கொடுத்தார், சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் பானம் வாங்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அடி வாங்கியவனே அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மனுஷன் அப்படி.

திரும்பி வரும்போது, "கோபத்தை வெளில காட்டக்கூடாதுடா குமரா. வீட்டுக்கு வந்து காட்டணும்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மல்லிகை வாங்க மறந்துவிட்டேன்.

திங்கள்

காது வீங்கியிருக்கிறது. ஹெட்போன் போட்டால் வலி.

நாளைக் காலைதான் பெரிய நாள். நிலவின் பின்பக்கம் போகிறார்கள். முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக பூமியோடு எந்தத் தொடர்பும் இருக்காது. சிக்னல் துண்டிப்பு (இனி சி.து.). மற்ற சேனல்காரர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் பாட்டுப் போடுவார்கள், வளவளவென்று பேசுவார்கள். நான் எதுவும் போடப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பேன். மைக்கைக் கூட்டி வைத்து, என் மூச்சு கேட்கிற அளவுக்கு. பார்ப்பவர்களும் என்னோடு சேர்ந்து பயப்படட்டும். இந்த யோசனையில் எனக்கே பெருமை.

அக்கா மணிக்கட்டில் நீலமாக ஒரு தடம். கேட்டேன். "பஸ்ல பிடிச்சிக்கிட்டு நின்னேன், பிரேக் போட்டுட்டான்" என்றாள். பஸ்காரன் மேல் புகார் எழுதிப் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

செவ்வாய்

வந்துவிட்டார்கள்! நாலு பேரும் பத்திரம்!

வேலைக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் எழுதிவிடுகிறேன். சேனல் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பேர் பார்த்ததில்லை. சி.து. தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டேன். காது வலித்தாலும் ஹெட்போனை இரண்டு பக்கமும் இறுக்கிக்கொண்டேன். கட்டுப்பாட்டு அறையின் இரைச்சல் மட்டும்.

ஜனங்களுக்குப் பொறுமையே கிடையாது. 'அண்ணா பின்னாடி என்ன சத்தம்?' என்று ஒருத்தி. 'அண்ணா பின்னாடி ஏதோ கேக்குது' என்று இன்னொருத்தர். வரிசையாக அதே கேள்வி. கடைசியில் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. "பின்னாடி எந்தச் சத்தமும் வராதுங்க. நிலா மறைச்சிக்கும். அங்க என்ன நடந்தாலும் நமக்குக் கேக்காது" என்று விளக்கினேன். அப்படியும் விடவில்லை. 'அதில்லண்ணா, பின்னாடி' என்று எழுதிய ஒருத்தியை, "பள்ளிக்கூடத்துல சயன்ஸ் படிச்சியாம்மா?" என்று கேட்டு பிளாக் செய்தேன்.

பிறகு அந்தப் பெண்ணின் குரல் நிலவைத் தாண்டி வந்தது. கேமரா முன்னால் அழுதுவிட்டேன். வெட்கமாக இல்லை.

மாமா குளித்து, புதுச் சட்டை போட்டு, மணக்க மணக்க வந்து முதுகில் தட்டினார். "வந்துட்டாங்க லா!" என்றார். அக்காவுக்குத் தலைவலியாம், படுத்திருக்கிறாள். கோப்பி நானே கலந்துகொண்டேன்.

புதன்

வலது கை வீங்கி, எழுத்து கோணல். ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு. அக்கா உள்ளே இருக்கிறாள்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் வேலையில் ஓய்வு நேரம். கிளிப் வெட்டலாம் என்று நேற்றைய லைவை எடுத்தேன். நேற்று என் காதில் கட்டுப்பாட்டு அறையின் சத்தம் மட்டும்தான் இருந்தது. என் மைக்கில் பதிந்ததை இன்றுதான் முதல் தடவை கேட்கிறேன்.

அடுத்த அறை. சுவரில் ஏதோ மோதுகிற சத்தம். மறுபடி. "இந்தச் சட்டையா? இந்தச் சட்டையா எடுத்து வைக்கச் சொன்னேன்?" மாமா. கத்தவில்லை, கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பேசுகிற அதே நிதானம். பிறகு அறைகிற சத்தம். சதையில் விழும் அடிக்குத் தனிச் சத்தம் உண்டு, எனக்குத் தெரியும், நானும் அடித்திருக்கிறேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொல்கிறாள்: "தம்பி லைவ்ல இருக்கான். மெதுவா."

மெதுவாக அடிக்கச் சொல்கிறாள். என் லைவ் கெடக்கூடாதாம்.

அதற்கு மேல் என் குரல், பெரிதாக, தெளிவாக: பின்னாடி எந்தச் சத்தமும் வராதுங்க.

சொல்லாமல் கொள்ளாமல் டாக்சி.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாடா, சீக்கிரமே வந்துட்டே?" என்றார். கேமரா டிரைபாடை எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது வாயில், பல் தட்டில் விழுந்தது, ரசச் சோற்றில். அவர் செருப்பு அலமாரி மேல் சரிந்தார். கொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. பொய் சொல்லவில்லை, கொல்லத்தான் ஓங்கினேன். அக்கா ஓடிவந்து நடுவில் விழுந்தாள். மூன்றாவது அடி அவள் வாயில்.

உதடு பிளந்து, கழுத்தெல்லாம் ரத்தம். அவள் என்னைப் பார்த்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். பழகின கை. எப்படி மூட வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் கேட்டார். உதடு எப்படி? "கதவுல இடிச்சிக்கிட்டேன்." விலா? "கதவு." மணிக்கட்டில் பழைய தடம்? "அதுவும் கதவுதான்." எனக்கும் மாமாவுக்கும் அக்கா ஒரே கதவைக் கொடுத்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன்

வெயில் கொளுத்துகிறது. அக்காவுக்கு உதட்டில் தையல். ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி. நான் எழுந்தால் நிமிர்ந்து பார்க்கிறாள், உட்கார்ந்தால் குனிந்துகொள்கிறாள்.

மாமா புக்கிட் மேராவில் தன் அண்ணன் வீட்டில். போலீசுக்குப் போகவில்லை. செய்தி அனுப்பியிருக்கிறார்: "வீடியோவை எடுத்துடு. அவ வாயைக் கிழிச்சது நீ. உள்ள போனா நீயும்தான் போவே. குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சிக்குவோம். சனிக்கிழமை அண்ணனோட வர்றேன்."

உள்ளே போனால் வேலை போகும். சாங்கி பாஸ் போகும். சேனலும் அவ்வளவுதான். வீடியோவை எடுத்துவிட்டால் ஒன்றும் போகாது.

லைவுக்குக் கீழே இன்னும் எழுதுகிறார்கள். 'அந்த அக்கா நல்லா இருக்காங்களா?' ஸ்டூடியோ ஸ்டூடியோ என்று போட்டவன்கூட எழுதியிருக்கிறான், 'ப்ரோ, யாரையாவது கூப்பிடுங்க' என்று. நான் பிளாக் செய்த பெண் வேறு பெயரில் வந்திருக்கிறாள். அதே கேள்வி.

அழிக்கும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு அவமானமாகிவிடும், அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் இவ்வளவு கோழை என்று தெரியாது.

வெள்ளி

அழிக்கவில்லை. அக்கா வந்துவிட்டாள்.

"ஹெட்போனைக் குடு" என்றாள். என் நாற்காலியில் உட்கார்ந்து சி.து. முழுவதையும் கேட்டாள், தள்ளாமல். நான் கட்டிலில். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கழற்றி வைத்துவிட்டு, தையல் இழுக்க, மெதுவாகப் பேசினாள்.

"நீ பேசுனது அந்தப் பக்கம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பின்னாடி ஒரு சத்தமும் வராதுன்னியே. அவரு அடிக்கிறதை நிறுத்திட்டுச் சிரிச்சாரு. உன் தம்பியே சொல்லிட்டான் பாருன்னாரு."

"எனக்குக் கேக்கலக்கா. சத்தியமா."

"தெரியும். கேட்டவங்க உன்கிட்ட சொன்னாங்க. அவங்களைத் திட்டினே."

காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அழிச்சிடவா?" என்றேன். இதையும் எழுதி வைக்கிறேன். அப்போதும் அதைத்தான் கேட்டேன்.

"தொட்டே, அவ்வளவுதான்" என்றாள். "நாளைக்குக் காலைல என்கூட வா. அவங்க வர்றதுக்குள்ள போயிடணும்."



சனி

மேகமூட்டம், மழை இல்லை. இன்று லைவ் இல்லை. போலீஸ் நிலையத்தில் இப்போது என்னை மட்டும் வெளியே உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். அதற்குள் எழுதுகிறேன்.

பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்தோம். பாராசூட் மூன்றும் விரிந்து, டப்பா கடலில் இறங்கியது. சத்தத்தை வைக்கவில்லை. அக்காவும் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் வெளியே வரும்வரை பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கையில் அந்த லைவ் பதிந்த மெமரி கார்டு, கைக்குட்டையில் சுற்றி.

மாமாவிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை.

முதலில் எங்களை உட்கார வைத்துப் பேசிய அதிகாரி தமிழர், என் வயதுதான் இருக்கும். அக்கா கார்டை மேசையில் வைத்தாள். அவர் உதட்டுத் தையலைப் பார்த்தார். "யாரு அடிச்சா, அக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கதவு என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு நொடி நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

"ரெண்டு பேர், சார்" என்றாள். "ஒருத்தரு புக்கிட் மேராவுல இருக்காரு. இன்னொருத்தன் இதோ உக்காந்திருக்கான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். பெயர் கேட்டார். சொன்னேன்.