முத்துராமனுக்கு ஒரு பட்டமேற்பு வாழ்த்து

ஞாயிறு

காலை எட்டுக்கே நாற்பது டிகிரி. வானொலி ஸ்டேஷனுக்குள் மட்டும் ஸ்வெட்டர் குளிர். புதன்கிழமை இந்த வளைகுடா நாட்டின் புது மன்னர் பட்டமேற்பு. வாசலில் கொடி, பூந்தொட்டி, புதுக் கம்பளம். அதில் செருப்போடு நடக்கக்கூடாதாம்.

செய்ய வேண்டியவை: நேயர் வாழ்த்துகளைத் தொகுக்க. மகளுக்கு வெள்ளை சாக்ஸ். கறிவேப்பிலை.

மதியம் பரமக்குடிப் பக்கத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண் போன். கணவர் முத்துராமன் இங்கே கட்டட வேலை. பதினோரு நாளாகப் பேச்சில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். கம்பெனியில் கேட்டால், "ஓடிப்போயிட்டான், போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு" என்கிறார்களாம்.

"அவரு ஓடுற ஆளு இல்லக்கா. லீவு நாள்ல சாமான் வாங்கப் போறேன்னு சொன்னாரு. அவ்வளவுதான். நீங்க ரேடியோவுல சொல்லுங்கக்கா."

சொல்கிறேன் என்றேன். நம் தமிழ் மணி நேர நிகழ்ச்சியில் காணாமற்போனவர் அறிவிப்பு நான்கு வருடமாக வாசிக்கிறேன்.

மேலாளர் ரகு சார் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். "இந்த வாரம் சோகம் எதுவும் கூடாது ரஹ்மத். அடுத்த வாரம் வாசிச்சுக்கலாம்."

"அதுக்குள்ள ஆளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"மேலேருந்து ஆர்டர். மாஃபி. கலாஸ்." மயிலாப்பூர்க்காரர். கோபம் வந்தால் மட்டும் அரபி: இல்லை, முடிந்தது.

திங்கள்

தூக்கம் சரியில்லை. அரபிப் பிரிவு ஸாலிஹிடம் அந்த ஆர்டரைக் காட்டச் சொன்னேன். படித்து மொழிபெயர்த்தார். சோகப் பாட்டு போட வேண்டாம் என்று ஒரே ஒரு வரி. அறிவிப்பைப் பற்றி ஒன்றுமே இல்லை! "யார் சொன்னது உங்களுக்கு?" என்று அவரே கேட்டார்.

ஆக, நம் ஆளின் பயம். யாரும் கேட்காமலே குனிகிற முதுகு.

ரகு சாரிடம் போய் இதைச் சொன்னேன். "அதுல என்ன எழுதலைங்கறதையும் படிக்கத் தெரியணும்" என்றார். கையிலிருந்த பேனாவை உடைத்திருப்பேன். பிறகு போய் மூன்று மகிழ்ச்சிப் பாட்டுக்கு அறிவிப்புச் செய்தேன், சிரித்த குரலில். என் குரல் மேலேயே வெறுப்பு.

செவ்வாய்

செல்வி நான்கு முறை போன். ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்களாம், வேறு பொம்பளையோடு போய்விட்டான் என்று. மாமியாரே கேட்டாளாம், நீ என்ன சண்டை போட்டே என்று.

அடையாளம் ஏதாவது உண்டா என்றேன். வலது கையில் உள்பக்கம் "செல்வி" என்று பச்சை குத்தியிருக்கிறாராம். சொல்லும்போது வெட்கம், அழுகை இரண்டும்.

சாக்ஸ் வாங்க மறந்தேன். மகள் "சீரியஸ்லி, உம்மா?" என்றாள். அவளிடம் எரிந்து விழுந்தேன். பாவம்.

புதன்

பட்டமேற்பு. காலை முதல் எல்லா மொழிப் பிரிவும் ஒரே அலைவரிசையில். பீரங்கி முழக்கம் நேரடி. தமிழுக்கு மாலை நான்கிலிருந்து இருபது நிமிடம், வாழ்த்து மட்டும். ரகு சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கோட்டு டையுடன்.

பதினாறு வாழ்த்து வாசித்தேன். ஜவுளிக் கடை, நகைக் கடை, சங்கத் தலைவர்கள். பதினேழாவது என் கையெழுத்தில்:

"புது மன்னருக்கு வாழ்த்துச் சொல்கிறார் பரமக்குடி செல்வி. வலது கையில் செல்வி என்று பச்சை குத்தியிருக்கும் தன் கணவர் முத்துராமனையும் சேர்ந்து வாழ்த்த அழைக்கிறார். பதினான்கு நாளாக அவர் குரலைக் கேட்கவில்லை. அவரைப் பார்த்தவர்கள் நம் நிலையத்துக்குப் பேசி, இந்த வாழ்த்தை நிறைவு செய்யுங்கள்."

ரகு சார் முகம் சிவந்தது. உள்ளே வர முடியாது, நேரடி ஒலிபரப்பு. அடுத்து ஒரு ஹோட்டல்காரரின் வாழ்த்து.

வெளியே வந்ததும், "என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"வாழ்த்துதான் சார். சோகமா ஏதாச்சும் சொன்னேனா?"

ஐந்தரைக்குப் போன். அரசு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் விழுப்புரத்துப் பெண். "அக்கா, ரேடியோவக் காதுல மாட்டிக்கிட்டுத் தரை தொடச்சிட்டிருந்தேன். ஆறாம் வார்டுல பேர் தெரியாத ஆளு ஒருத்தர். வாய் கோணிப்போச்சு, பேச்சு வரல. ஓடிப்போய்ச் சட்டைக் கைய மடிச்சுப் பாத்தேன். செல்வின்னு இருக்குக்கா!"

நர்சுகளும் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை.

வியாழன்

ஆஸ்பத்திரி. பஸ் ஸ்டாப்பில் விழுந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பக்கவாதம். அடையாள அட்டை அவர் தங்கும் அறையிலேயே இருந்துவிட்டது, போன் விழுந்த இடத்தில் தொலைந்துவிட்டது. கம்பெனி ஒரு ஆஸ்பத்திரியிலும் தேடவில்லை. ஒரு தாளை நிரப்பி முடித்துவிட்டது.

வீடியோவில் செல்வியைக் காட்டினேன். "ஏங்க" என்றாள். அவர் இடது கையால் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவள், "நீங்க ஓடிப்போனீங்கன்னு சொன்னாங்க. நான் ஒரு நாளும் நம்பல."

அவர் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று. நிறுத்தவே இல்லை. நர்ஸ் வந்து பிடிக்க வேண்டியிருந்தது.

வராந்தாவில் ரகு சார் போன். குரலில் தேன். "சூப்பர் ஸ்டோரி ரஹ்மத்! பட்டமேற்பு நாள்ல குடும்பத்தைச் சேர்த்து வச்ச வானொலி. மன்னருக்கு நன்றின்னு அவர் வாயால ரெண்டு வார்த்தை ரெக்கார்ட் பண்ணிக்கோ."

"அவருக்குப் பேச்சு வராது சார்."

"ஏதாவது சத்தம் வந்தாக்கூடப் போதும். எடிட்ல பாத்துக்கலாம்."

கட் செய்தேன்.

வெள்ளி

வெயில் இறங்கவே இல்லை. கம்பெனி ஆள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பையோடு வந்து போனானாம். கம்பெனிக்குப் போன் செய்து, போலீசில் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். "பாக்கலாம் மேடம்."

செல்வி: "பக்கவாதம்னு சொன்னா இங்க நம்ப மாட்டேங்கறாங்கக்கா. பொய் சொல்றேங்கறாங்க. ரேடியோவுல வந்தா எல்லாரும் கேப்பாங்க. போன்ல உங்க ரேடியோ ஆப்புல போட்டுக் காட்டுவேன்."

மாலை மேசையில் ரகு சார் எழுதிய தாள். "முத்துராமன் மன்னருக்குக் கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்." அவர் தெரிவிக்கவில்லை. அவரால் தண்ணீர் கேட்கவே முடியவில்லை.

நான்கு பத்துக்கு ஒலிபரப்புச் சிவப்பு விளக்கு எரிந்தது. தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"பரமக்குடி முத்துராமன் ஓடிப்போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரை ஓடிப்போனவர் என்று எழுதிக் கொடுத்தது தவறு. ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்." இரண்டு முறை வாசித்தேன். நிதானமாக.

பாட்டுப் போட்டேன். ரகு சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். உட்காருங்கள் சார் என்றேன்.