மருந்துத் தொட்டி

ஏப்ரல் 9

தம்பி யோரித் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். என் கல்லீரலில் பாதிக்கு மேல் அவன் வயிற்றுக்குப் போய் ஐந்து வாரம். இரண்டு பேருக்கும் வளர்ந்துவிடுமாம். இப்போதைக்கு இருமினால் உயிர் போகிறது.

பக்கத்துப் பண்ணை ஆக்யே பார்க்க வந்தாள். காபியும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன். "இனிமேலாவது குடிக்காம இருக்கட்டும்" என்கிறாள். பித்தக்குழாய் நோயில் ஈரல் இறுகிப்போனவன் அவன். கல்யாண வீட்டில்கூட ஆப்பிள் சாறுதான். சொன்னால் நம்புகிறாளா? இரண்டாவது பிஸ்கட் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 10

ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தைச் சமையலறையில் ஒட்டினேன். புது ஈரலை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவனுடைய எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். மண் கூடாது, தூசி கூடாது, மக்கும் குவியல் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது. பூஞ்சை மூச்சோடு போய்விடும்.

துலிப் பண்ணைக்காரனுக்கு இந்தப் பத்தியம்!

ஜூலை 21

துலிப் கிழங்கு தோண்டி, தோலுரித்து முடிந்தது. கழிவெல்லாம் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. தம்பித் துரை ஜன்னலோரம் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிறார்.

"அக்கா, குவியல் ஆவி விடுது பாரு. கிளறலேன்னா நாறிடும்."

"வாய மூடிக்கிட்டு உட்காருடா."

ஆகஸ்ட் 4

பல் டாக்டரிடம் போய்த் திரும்பினால், குவியல் கிளறிக் கிடக்கிறது.

"யார்டா கிளறினது?"

"எனக்கென்ன தெரியும்?" ரப்பர் காலணி முழுக்கக் கழிவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். பிறகு, "ஆக்யே வேலி வழியா பார்த்துக்கிட்டே இருந்தா, அக்கா. சோம்பேறிப் பண்ணைன்னு ஊரெல்லாம் சொல்லுவா. பத்தே நிமிஷம்தான்."

பத்து நிமிஷம்! என் வயிற்றை ஏழு மணி நேரம் கிழித்துப் போட்டிருந்தார்களே — அது எதற்கு? ஆக்யேவின் நல்ல அபிப்பிராயத்துக்கா?

ஆகஸ்ட் 19

காய்ச்சல். வறட்டு இருமல்.

ஆகஸ்ட் 23

நுரையீரலில் பூஞ்சை. படத்தில் வெள்ளையாக ஒரு உருண்டை. நல்ல மாத்திரை இருக்கிறது என்கிறார் டாக்டர் ஃபெர்ஹூல். இருக்கட்டும். நான் அவனோடு பேசப்போவதில்லை.

ஆகஸ்ட் 30

கஞ்சி ஊட்டினேன். பேசவில்லை.

"அக்கா, திட்டவாவது செய்யேன்."

செப்டம்பர் 5

மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் தனியாகக் கூப்பிட்டார்.

"துலிப்புக்குப் பூஞ்சை மருந்து போடுறீங்களா?"

எந்தப் பண்ணையில் போடவில்லை? நடுவதற்கு முன்னால் கிழங்கை மருந்துத் தொட்டியில் முக்கித்தான் எடுப்போம். பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"நாங்க கொடுக்கிற மாத்திரையும் அதுவும் ஒரே குடும்பம்மா. அந்த மருந்து கழிவோட போய்க் குவியல்ல தங்கிடும். அங்க வளர்ந்த பூஞ்சைக்கு அது பழகிப்போயிருக்கும். அப்புறம் எங்க மாத்திரைக்கு அசையாது."

தொட்டியில் மருந்து கலக்குவது யார் என்று அவர் கேட்கவில்லை. நான்தான். இருபத்தாறு வருஷமாக நான்தான். குவளையில் கோடு வரைக்கும் அளப்பேன், அதற்கு மேலும் கொஞ்சம் ஊற்றுவேன் — பயத்துக்கு.

பத்து நிமிஷம் கிளறினவனோடு ரெண்டு வாரமா பேசாம இருந்தேன். அந்தப் பூஞ்சைய இருபத்தாறு வருஷம் ஊட்டி வளர்த்தவள என்ன செய்யறது?

செப்டம்பர் 6

வேறு மருந்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். வேறு வழியில்லை.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருமிக்கொண்டே சிரித்தான்.

"நீ வளர்த்தது எது அக்கா சோடை போயிருக்கு? உனக்குக் கைராசி."

நானும் சிரித்துத் தொலைத்தேன். பாவி. ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 14

சிறுநீர் இறங்கவில்லை. அவனுக்குள் என் ஈரல் மட்டும் நன்றாக வேலை செய்கிறதாம்.

அக்டோபர் 17

கிழங்கு முக்கும் நாள். அவனுடைய ரப்பர் மேலங்கி எனக்குப் பெரிது. கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டேன்.

ஆக்யே வேலியோரம் வந்து நின்றாள். "பாவம், அவனோட சேர்ந்து நீ கொடுத்த ஈரலும் மண்ணுக்குள்ள போச்சே" என்றாள். உன்னாலதானடி போச்சு என்று நாக்கு நுனி வரை வந்தது. பாதிப் பொய். விழுங்கிவிட்டேன்.

இந்த வருஷம் மருந்தே வேண்டாம் என்று தொட்டி பக்கத்தில் அரை மணி நின்றேன். முக்காவிட்டால் பாதிக் கிழங்கு அழுகிவிடும். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

குனிந்தபோது தையல் தழும்பு இழுத்தது. கோடு வரைக்கும் அளந்து ஊற்றினேன். பயத்துக்கு ஊற்றும் அந்தக் கொஞ்சத்தை மட்டும் ஊற்றவில்லை.