பலகையில் ஏறிய முதலெழுத்து

சிவமயம்

உருத்திரபுரம்,
3.9.1963

அன்பு மகன் யோகலிங்கத்துக்கு,

நானும் உன் அம்மாவும் தங்கச்சி நேசமலரும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனந்தான் சரியில்லை. நீ அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று கோயிலில் நேற்றும் கும்பிட்டோம். சிறுபோக நெல் வெட்டு முடிந்தது, இந்த முறை பதர்தான் கூடுதல், குளத்திலும் தண்ணீர் அடியில் கிடக்கிறது, காலபோக விதைப்புக்கு மழை எப்படியோ தெரியாது. உன் கடிதம் பத்து நாளுக்கு முன்பே கிடைத்தது. பட்டமளிப்பு விழாவுக்குத் தாய் தகப்பனுக்கென்று இரண்டு அழைப்பு அட்டை தருவார்கள், யாருடைய பெயருக்கு அனுப்பச் சொல்ல என்று கேட்டிருந்தாய். அதற்கு உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

போன சனிக்கிழமை நீ பள்ளிப் படிப்புப் படித்த கல்லூரியின் நிறுவுநர் நாள் என்று பெரியப்பா எழுதியிருந்தார், யாழ்ப்பாணம் போனேன். வாசலெங்கும் நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள், தலை நரைத்த பழைய மாணவர்கள்கூடக் கல்லூரிக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பெடியன்கள் போலத் தோளில் தட்டிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். கல்லூரிக் கீதம் தொடங்கியதும் எல்லாரும் எழும்பிப் பாடினார்கள், எனக்கு ஒரு வரியும் தெரியாது, வாயைச் சும்மா அசைத்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் உங்கள் கல்லூரிப் பெடியன்கள் சேர்ந்தால் அதைத்தான் பாடுவீர்கள் என்று நீ பெருமையாக எழுதியது நினைவு வந்தது. பிறகு பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களின் பெயர்ப் பலகையைத் திறந்தார்கள். பொன் எழுத்தில் கடைசிப் பெயர் தி. யோகலிங்கம். என்னுடைய வீ இல்லை, உன் பெரியப்பா தில்லைநாதன் அண்ணருடைய தி. தகப்பனும் மகனும் இந்தக் கல்லூரியின் பிள்ளைகள் என்று சொல்லி அதிபர் பெரியப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை மகனே, பிள்ளையில்லாத மனிதர், பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மையாகிவிட்டது. நான் கடைசி வரிசையில் இருந்து கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்கள் ஆர் ஐயா?" என்று கேட்டார். "பெடியன்ர சித்தப்பா" என்று சொன்னேன், குரல் தடுமாறவில்லை, அதுதான் எனக்கு வெட்கம்.

பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன், செய்தது நான். உன்னை அங்கே சேர்க்க நான் போன அந்த வருடம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், காட்டை வெட்டிக் குடியேறின ஆட்களின் பிள்ளைகளுக்கு இடம் மிஞ்சினால் பார்க்கலாம் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு கலப்பை பிடித்தவன், அந்தக் கல்லூரியில் படித்தவர் பெரியப்பா. பிறப்புப் பத்திரம் தொலைந்துவிட்டதென்று சத்தியக் கடதாசி முடித்து உன்னை அவர் பிள்ளையாகச் சேர்த்தோம். அடுத்த வருடம் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன், பிறகு ஒரு சோதனை, பிறகு இன்னொரு சோதனை, எல்லாத் தாளிலும் அந்தப் பெயரே ஏறிவிட்டது. திரும்பி வந்த அன்று பக்கத்துக் காணி ஏரம்பு வேலியடியில் காத்து நின்று, "மகன்ர பேர் பலகையில ஏறீட்டுதாமே, என்னெண்டு போட்டிருக்கு?" என்று கேட்டான். பொன் எழுத்தில் போட்டிருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அட்டைகளைப் பெரியப்பா, பெரியம்மா பெயருக்கே அனுப்பச் சொல். இப்போது பெயரை மாற்றப் போனால் உன் பட்டத்துக்கே வில்லங்கம் வரும், அந்தப் பாவத்தையும் நான் செய்ய முடியாது. இதைக் கேட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நேற்றுக் குசினி அடுப்படியில் இருந்துகொண்டு, "நான் பெத்த பிள்ளையை நான் வெளியில நிண்டோ பாக்கிறது?" என்று கேட்டார். ஆனாலும் இரண்டு பேரும் பரந்தனில் ரயில் ஏறி வருவோம், கறுப்பு அங்கியோடு எந்த வாசலால் வெளியே வருவாய் என்று மட்டும் எழுது. எங்களைக் கண்டதும் ஓடி வராதே, பெரியப்பாவோடு படம் பிடித்து முடிந்த பிறகு வா. அவருக்கு முன்னால் என்னை அப்பா என்று கூப்பிடாதே, மனிதர் தாங்க மாட்டார். அம்மா உனக்கு எள்ளுருண்டை பிடிக்க எள்ளைக் காயப் போட்டிருக்கிறார். அங்கே மழை என்று கேள்வி, நனைந்த தலையோடு படுக்காதே, கண் முழித்து உடம்பைக் கெடுக்காதே.

கல்லூரி விடுதியில் கடிதங்களை உடைத்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில்தான் அந்தக் காலத்தில் கீழே 'சித்தப்பா' என்று எழுதத் தொடங்கினேன். இப்போது உடைப்பார் ஒருவருமில்லை, கைதான் பழகிவிட்டது. அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்கிறார், இன்றைக்கு என்ன எழுதுகிறேன் என்று பார்க்க. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, வாசித்து முடிந்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. வீரகத்தி