வீடு திரும்பாதவர்களுக்கு ஒரு வரி

அம்மா,

இன்று மத்தியானம் பஸ்ஸில் சீனன்குடாவைக் கடக்கும்போது எண்ணெய்த் தாங்கிகளின் பக்கமிருந்து காற்றடித்தது. கறுப்பெண்ணெய் வாடை. பக்கத்தில் இருந்தவர் யன்னலைச் சாத்தினார். நீங்களும் சாத்தியிருப்பீர்கள். அப்பா உடுத்த சாரத்தில் ஒட்டிக்கிடந்த வாடை அது என்று ஒருமுறை சொன்னீர்கள். அதற்குமேல் சொன்னதில்லை.

அப்பாவை எனக்கு நினைவில்லை. வெள்ளைக்காரக் கடற்படையின் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை செய்தவர். யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட அன்று, அந்த விமானங்களில் ஒன்று ஒரு தாங்கியின் மேல் விழுந்தது. நாட்கணக்காக எரிந்ததாம். காலையில் வேலைக்குப் போனவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. நான் தவழுகிற பிள்ளை. பிறகு நீங்கள் ஒரு விடுதிக் குசினியில் சமைத்து என்னை இங்கிலீஷ் படிக்க வைத்தீர்கள்.

அந்த இங்கிலீஷால்தான் எனக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்தது. சுதந்திரம் கிடைத்துப் பல வருடங்களுக்குப் பிறகு இரண்டு வெளிநாட்டவர்கள் வந்தபோது, அவர்களுக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது. ஒருவர் யப்பான்காரர், விழுந்த விமானத்தில் இறந்தது அவருடைய தம்பி. மற்றவர் ஆங்கிலேயர், அன்று கரையில் நின்று அந்த விமானங்களைச் சுட்டவர். எப்படியோ கடிதத்தில் பழகி நண்பர்களாகிவிட்டார்கள். இரு நாட்டாரிலும் இறந்தவர்களுக்குச் சேர்த்து இங்கே ஒரே நினைவுக்கல் வைக்க வந்திருந்தார்கள். கல்லின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் யப்பான் மொழி. எவ்வளவு நல்ல காரியம் என்று பாலையூற்று வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொன்னேன்.

நீங்கள் அரிசி களைந்துகொண்டிருந்தீர்கள். கை நின்றது.

"அப்பாட பேர் எந்தப் பக்கம்?"

சண்டை போட்ட இரண்டு நாடுகளின் விஷயம் அது, நாங்கள் அதில் இல்லை என்றேன்.

"அப்ப ஏன் எங்கட மண்ணில வைக்கினம்?"



மறுநாள் விருந்தினர் தங்கியிருந்த விடுதிக்கு நீங்களே வந்துவிட்டீர்கள். கூடவே கிண்ணியாவிலிருந்து ஓர் அம்மா, தலையில் முக்காட்டோடு. அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், அவரும் அதே நாள், அதே இடத்தில் இறந்தவர். முன்னனுமதி இல்லாமல் சந்திக்க ஏலாது என்று எங்கள் அதிகாரி வாசலிலேயே மறித்தார். நீங்கள் விறாந்தையில் இருந்த கதிரையில் அமர்ந்தீர்கள். பக்கத்துக் கதிரையை அந்த அம்மாவுக்கு இழுத்துப் போட்டீர்கள். விருந்தினர் வெளியே வரும்வரை நீங்கள் இருவரும் அசையவில்லை.

அவர்கள் வந்ததும், கல்லில் அப்பாவின் பெயர் ஏன் இல்லை என்று நீங்கள் கேட்டதை நான் கொஞ்சம் மென்மையாக்கி இங்கிலீஷில் சொன்னேன். உங்களுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் என் முகம் தெரியும்.

"நான் சொன்னதைச் சொல்லு, தம்பி. பூசி மெழுகாத."

சொன்னேன். ஆங்கிலேயர் சங்கடப்பட்டு, கல் வெட்டி முடிந்துவிட்டதே என்றார்.  யப்பான்காரர் தலையைக் குனிந்து, தன் தம்பிதான் உங்கள் கணவரின் உயிரை எடுத்தான், அந்தப் பழியோடு உங்கள் முன் நிற்கவே தனக்குத் தகுதியில்லை என்றார். நீங்கள் அவரை நிமிரச் சொன்னீர்கள்.

"உங்கட தம்பிக்குக் கல்லு வைக்க நீங்கள் கடல் தாண்டி வந்தனீங்கள். நான் பாலையூத்தில இருந்து வந்தனான். ரெண்டு பேரும் ஒரே அலுவலாத்தான் வந்தனாங்கள்."

இதை அப்படியே மொழிபெயர்த்தேன். ஆங்கிலேயர் தொப்பியைக் கழற்றினார்.

கல் திறப்பு விழா தள்ளிப்போனது. அப்பாவின் பெயரை வெட்டித் தருகிறோம் என்றார்கள். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அவர் தனியே சாகவில்லை, ஒருவர் பேரைப் போட்டு மற்றவர்களை விட ஏலாது என்றீர்கள். அப்படியானால் என்ன எழுதுவது என்று அதிகாரியே உங்களிடம் கேட்டார். நீங்கள் யோசிக்கவுமில்லை. கல்லின் மூன்றாவது பக்கத்தில் இன்றும் தமிழிலும் சிங்களத்திலும் நிற்பது நீங்கள் அன்று சொன்னதுதான்: "வேலைக்கு வந்து வீடு திரும்பாதவர்களுக்கும்."

விழாவன்று முதல் மலரை யார் வைப்பது என்று அந்த இரண்டு வெளிநாட்டவர்களும் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். கல்லின் முன் வந்ததும் ஆளுக்கொரு பக்கமாக விலகி நின்றார்கள். நீங்கள் கிண்ணியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவால் நடந்தீர்கள். கொடிகளும் சீருடைகளும் நிறைந்த அந்த வெயிலில், வெளுத்த நூல்சேலையில் நின்று முதல் மலரை நீங்கள் வைத்தீர்கள். நீங்கள் அழவில்லை. திரும்பி வரும்போது, "இனி அவருக்கும் ஒரு இடமிருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் கண்மூடி இரண்டாவது வருடம் இது. அந்தக் கல்லருகே நிற்கும்போது, அங்கே கதிரை போட்டு இருக்கும் முதியவர்கள் சிலர் என்னைப் பார்த்து, "நீர் ஆரின்ர மகன்?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் அப்பாவின் பெயரைச் சொல்லி, குண்டுவீச்சில் இறந்தவர் என்பேன். இப்போது உங்கள் பெயரைச் சொல்கிறேன். ஓ, அவவின்ர மகனோ என்று அவர்கள் கதிரையை விட்டு எழும்புகிறார்கள்.