அக்காவிடமே இருக்கட்டும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஞாயிறு காலை

அன்புள்ள துஷ்யா அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் ரொறன்ரோக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா, எனக்குச் சிறுநீரில் புரதம் போவது ஏறக்குறைய நின்றுவிட்டது! வெள்ளிக்கிழமை சிறுநீரக டாக்டர் குருமூர்த்தி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். நானா என்று நீங்கள் நம்பமாட்டீர்கள்.

சீன வைத்தியம் பற்றி உங்களுக்குச் சொல்லவில்லை. என்னைப்போல் லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தாக்கியவர்களுக்கு மாத்திரைகளோடு மூலிகைக் கசாயமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைப் படித்துவிட்டு, மெய் லான் என்ற சீன மருத்துவரைத் தேடிப் போனேன். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு, என் சிறுநீரக டாக்டருக்குத் தெரியாமல் ஓர் இலைகூடத் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். "கசாயம் குடிக்கவும் பெரியாஸ்பத்திரித் துண்டுச் சீட்டு வேணுமாமோ?" என்று அம்மா சிரித்தார்.

டாக்டர் ஏசுவார் என்று பயந்தபடியே மூலிகைப் பெயர்கள் எழுதிய தாளை நீட்டினேன். அவரோ மருந்தாளரையும் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மாத்திரையோடு ஒத்துவராத ஒன்றை விடச் சொன்னார். மெய் லான் மறுபேச்சில்லாமல் விட்டார். "மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது, ரத்தப் பரிசோதனைக்கு டிமிக்கி குடுக்கக் கூடாதும்மா" என்பது மட்டும்தான் டாக்டர் போட்ட நிபந்தனை.

கசாயம் கொதித்தால் வீடே நாறும். "எலி செத்துப்போச்செண்டு பக்கத்து வீட்டார் கவுன்சிலுக்கு அறிவிக்கப் போகினம்" என்று அம்மா புறுபுறுப்பார். ஆனால் அடுப்படியை விட்டு அசையமாட்டார்.

எந்த மருந்து எவ்வளவு செய்தது என்று இரண்டு வைத்தியர்களுமே சொல்லமாட்டேன் என்கிறார்கள். இரண்டும் தொடரட்டுமாம். ஸ்டீரொய்ட் மாத்திரையின் அளவைக் குறைத்து வருகிறார்கள். மாற்றுச் சிறுநீரகப் பேச்சை டாக்டர் ஒத்திவைத்துவிட்டார்.

அக்கா, உங்கள் சிறுநீரகம் எனக்குப் பொருந்தும் என்று தெரிந்த நாளிலிருந்து நீங்கள் பிள்ளைப் பேச்சே எடுக்கவில்லை. வேலை, படிப்பு என்று ஏதேதோ சொன்னீர்கள். எனக்குத் தருவதற்காகத்தான் பிள்ளையைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று தெரிந்தும், நானும் நம்பியதுபோல் இருந்துவிட்டேன். நோய் திரும்பலாம், அது எனக்கும் தெரியும். திரும்பினால் அப்போது பார்ப்போம். இப்போது உங்கள் சிறுநீரகம் உங்களிடமே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை அத்தானிடமும் கொடுங்கள். இருவரும் நன்றாயிருங்கள். என்னைச் சித்தி என்று கூப்பிட ஓர் ஆள் வேண்டும், அக்கா.

உங்கள் தங்கை,
கோசிகா