நிலாவிலிருந்து திரும்பினாளா?

11 ஜூன் 1966, சனி. செஞ்சி.

நிலாவில் சிக்கிய சிறுமி உயிரோடு இருக்கிறாள். தகவல்: லண்டனில் நர்ஸாக இருக்கும் என் தங்கையின் கடிதம், இன்றைய தபால். அங்கே டெலிவிஷனில் வந்த குழந்தைகள் கதை அது. தங்கை கடிதங்களில் எழுதி அனுப்புவதை நான் நாவலாக்கி வருகிறேன். முடிவைப் பார்ப்பதற்குள் அவளை வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். கடைசி அத்தியாயம் நிற்கிறது.

என் மகள் ஸ்டெல்லா திங்களன்று திண்டிவனம் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். முடிவு தெரியாமல் பஸ் ஏற மாட்டாளாம்.

"நீங்களே எழுதிடுங்களேன்," என்றாள் மனைவி.

"தெரியாதத எப்டி எழுதறது?"

"நெலாவ மட்டும் பாத்துட்டா எழுதனீங்க?"

எழுதினேன். சிறுமி பக்கத்து ஊரான வல்லத்தில் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி, வீட்டுக்கு நடந்தே வருகிறாள். ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"யார் சொன்னாங்க நைனா?" என்றாள். எந்தச் செய்திக்கும் அப்படிக் கேட்கப் பழக்கியவன் நான்தான்.

"நான்தான் சொல்றேன். வந்துடுவா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள்.

வார்டுப் பிள்ளைகளிடம் முடிவைக் கேட்டு எழுதுவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். அந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் வரலாம். ஸ்டெல்லா வருவது காலாண்டு லீவுக்குத்தான்.